‘அவர் இல்லை’ என்ற பதிலுக்கு நான் போட்ட சரி

பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, ஆய்வுத் தலைப்பையும் ஆய்வு முறையையும் எப்படித் தெரிவு செய்வது என்று நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. நடந்ததை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாசித்துவிட்டு இதை உங்கள் கையேட்டில் சேர்க்காமல் விட்டாலும் கோபிக்க மாட்டேன்.

முதலில் கேள்வி பிறக்கும், கேள்விக்கேற்ற முறையைத் தேடிக்கொள்வோம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நானும் முப்பது வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். நான் பார்த்தவரையில் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. எந்தத் தலைப்புக்கு அனுமதி கிடைக்கும், நிதி தருபவர் இந்த வருடம் எந்தச் சொல்லில் மயங்கிப்போயிருக்கிறார், மழைக்கு முன் எந்த ஊர்வரை வாகனம் போகும் என்று பார்த்துத்தான் தலைப்பு முடிவாகும். அதன்பிறகு அதற்கு ஒரு கோட்பாட்டைத் தேடிப்பிடித்து உடுப்புப் போட்டுவிடுவோம்.

ஒரு வருடம் எல்லோருக்கும் ‘மீள்திறன்’ என்ற பைத்தியம் பிடித்திருந்தது. நானும் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவுக் கரையோரம் போனேன். வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், “மீள்திறன் எண்டால் என்ன சாமான் மிஸ்?” என்று கேட்டார். விழுந்தவர்கள் திரும்ப எழும்புகிற சக்தி என்று விளக்கினேன். அவர் மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எழும்பினதைப் பற்றிக் கேக்க இவ்வளவு தூரம் வாறியள். விழுத்தினது ஆரெண்டு ஒருத்தரும் கேக்கமாட்டியளோ?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்தப் பதிலைப் போட எங்கள் படிவத்தில் இடமில்லை.

அது சின்ன வெட்கம். இனிச் சொல்லப்போவது அப்படியானதல்ல.

போர் முடிந்த புதிதில் நான் வினாக்கொத்து எதுவும் இல்லாமல்தான் வேலை செய்தேன். கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமங்களில் திரும்பிக் குடியேறிய பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைச் சொல்கிறபடி கேட்டு எழுதுவேன். ஒரு வீட்டுக்கு ஒரு முழுநாளும் போகும். நாலு மாதத்தில் எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. வவுனியாவில் என் வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் யாராவது அழுவார்கள். கேட்டவர்களிடமெல்லாம் எனக்கு இரத்த அழுத்தம் என்று சொன்னேன்.

பல வருடம் கழித்து, காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பற்றி ஒரு ஆய்வு செய்ய வேண்டும் என்று தோன்றியது. என் வாழ்க்கையில் நானாக விரும்பி எடுத்த தலைப்பு அது ஒன்றுதான். எங்கள் துறையில் அப்போது ஒரு மூத்தவர் இருந்தார். எனக்கு எழுத்தும் களமும் காட்டித் தந்தவர், பயந்தவரும் அல்ல. என் முன்மொழிவை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இந்தத் தலைப்போடை போனால் உம்மை ஊருக்குள்ளையே விடமாட்டினம். விட்டாலும், நீர் திரும்பி வந்தாப்பிறகு அந்தச் சனத்திட்டை வேறை ஆக்கள் போய் விசாரிப்பினம். வாழ்வாதாரம் எண்டு போடும். பெண் தலைமைக் குடும்பங்களின்ர வாழ்வாதாரம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

“அப்ப காணாமல் போன ஆக்கள்?”

“அது தானாக வரும். வாழ்வாதாரம் கேட்டால் சனம் அதையும் சொல்லும்தானே.”

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அந்த மக்களைப் பாதுகாக்கத்தான் அப்படிச் சொன்னார். தலைப்பை மாற்றினேன். ‘கணவரின் நிலை’ என்ற கேள்விக்குக் கீழே ஐந்து கட்டங்கள் இருந்தன; அதில் ‘தகவல் இல்லை’ என்ற கட்டம் படிவம் அனுமதிக்குப் போகும்போது அதிகாரிகளின் கண்ணில் குத்தும் என்று அதையும் எடுத்தேன். மிச்சம் இருந்தவை: கூட வாழ்கிறார், வேறு இடத்தில் இருக்கிறார், பிரிந்துவிட்டார், இறந்துவிட்டார். ஒவ்வொரு பதிலுக்குக் கீழும், சொன்னவரின் சொல்லை அப்படியே எழுத ஒரு வெற்றுக்கோடு விடுவது என் பழக்கம். படிவம் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று அந்தக் கோடுகளையும் நானே நீக்கினேன்.

வினாக்கொத்துத்தான் பொருத்தமான முறை என்று அறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தில் எட்டுப் பக்கம் நியாயம் எழுதியிருக்கிறேன். மாதிரியின் அளவு, ஒப்பிடும் வசதி, கொள்கை வகுப்பவர்களுக்கு எண்கள் வேண்டும் என்பது. எல்லாம் சரியான நியாயங்கள். உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன். வினாக்கொத்து என்றால் ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் போதும். அழுகை தொடங்குவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். எனக்கு அந்தச் சனங்களின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அதனால் எண்களைத் தெரிவு செய்தேன்.

முரசுமோட்டையில் செல்வமலரின் வீட்டுக்கு நான் போனது சிறுபோக நெற்பயிர் நேரம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வயலில் இருந்து வந்து, அப்போதுதான் தலையோடு முழுகிவிட்டு ஈரத் துவாயுடன் நின்றார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை.

“உள்ளை வாங்கோ மிஸ், கதிரையிலை இருங்கோ,” என்றார். மகள் தாரணி குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். “மூண்டு பேர்,” என்றார். எழுதினேன். நாலைந்து கேள்விகளுக்குப் பிறகு கணவரின் நிலைக்கு வந்தேன். படிவத்தில் இருந்த வசனத்தை வாசிக்க மனம் வராமல், நம் ஊர் வழக்கப்படி மெதுவாகக் கேட்டேன்.

“வீட்டுக்காரர்...?”

“அவர் இல்லை, மிஸ்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தமிழ் தெரியாத ஒரு ஆய்வாளர் அங்கே இருந்திருந்தால், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, இல்லை என்றால் வீட்டில் இல்லையா, உயிரோடு இல்லையா என்று கேட்டிருப்பார். அது முட்டாள்தனமான கேள்வியாக இருந்திருக்கும், ஆனால் காப்பாற்றியிருக்கும். நான் தமிழச்சி. செத்துப்போனார் என்று சொல்லக் கூசி நாங்கள் ‘இல்லை’ என்போம் என்று எனக்குத் தெரியும். திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்றும் தெரியும். முழுகிய நெற்றியையும் வெறும் கழுத்தையும் பார்த்தேன். எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்து, ‘இறந்துவிட்டார்’ என்ற கட்டத்தில் சரி போட்டேன். உள்ளூர் ஆய்வாளருக்கே களம் வாய் திறக்கும் என்று உங்கள் பலருக்கு நான் வகுப்பில் பெருமையடித்திருக்கிறேன். அதை மறந்துவிடுங்கள்.

தாலியைக் கடைசி இடம்பெயர்வின்போது அவர் கழற்றி மகளின் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்தவர். போரின் அந்தக் கடைசி நாட்களில் காணாமல் போன கணவர் வந்துதான் திரும்பக் கட்ட வேண்டும் என்று அதை அலுமாரிக்குள் வைத்திருந்தார். அது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அலுவலகத்துக்கு வந்து படிவங்களைச் சரிபார்க்கும்போது அந்த ‘மூன்று பேர்’ கண்ணில் பட்டது. தாயும் மகளும், கணவர் இறந்துவிட்டார். கணக்கு உதைக்கிறதே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். மூன்றை வெட்டி இரண்டு என்று எழுதினேன். இதற்கு எங்கள் தொழிலில் தரவைச் சுத்தம் செய்தல் என்று பெயர். ஒரு பெண் பத்து வருடமாக வீட்டுக்குள் வைத்திருந்த மனிதனை நான் ஒரு பேனைக் கோட்டால் வெளியே அனுப்பினேன். அன்றைக்கு நல்ல பசியோடு சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

அறிக்கை முடிந்ததும், எடுத்த தகவலை மக்களிடம் திருப்பிக் கொடுப்பதுதான் அறம் என்று, முரசுமோட்டைப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய விபரம் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தேன். சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று சொன்னேன். எனக்கு அன்று என்னைப் பற்றியே ஒரு பெருமை.

தாளைத் தாரணிதான் வாசித்தாள். வாசித்துவிட்டுத் தாயின் கையில் கொடுத்தாள். செல்வமலர் அதை இரண்டு தரம் பார்த்தார். பக்கத்திலிருந்த பெண்ணும் எட்டிப் பார்த்தார். பிறகு செல்வமலர் எழும்பி, கதிரைகளுக்கு நடுவே நேராக என்னிடம் வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

“மிஸ், இவர் இறந்திட்டார் எண்டு எழுதியிருக்கு,” என்றார். “ஆர் உங்களுக்குச் சொன்னது?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “நீங்கள்தானே பிள்ளை அவர் இல்லையெண்டு...”

“நான் வீட்டிலை இல்லை எண்டெல்லோ சொன்னனான். நீங்கள் பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள், எல்லா இடமும் போய்வாற ஆக்கள். விசாரிக்காமல் எழுதுவியளே? ஆரோ கண்டவை சொல்லித்தானே எழுதியிருப்பியள். ஆர் மிஸ்? எங்கை வைச்சுக் கண்டவையாம்?”

பதினொரு வருடமாக அவர் போகாத அலுவலகம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. எங்கேயும் ஒருவரும் ‘இருக்கிறார்’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதித் தந்ததில்லை. முதல் தடவையாக அச்சடித்த ஒரு தாளில் முடிவாக ஒரு சொல் இருக்கிறது. அது எங்கிருந்தோ வந்திருக்கத்தானே வேண்டும்?

நெருக்கடி நேரத்தில் எப்படி முடிவெடுப்பது என்று இந்த மாதிரி எழுத்துகளில் புத்தி சொல்வது வழக்கம். நான் எடுத்த முடிவு இது. நூறு பேருக்கு முன்னால் பிழையை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, “நாளைக்கு வீட்டுக்கு வந்து கதைக்கிறன்,” என்றேன். அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும், சனத்துக்கு முன்னால் சொல்லப் பயப்படுகிறா என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

அடுத்தநாள் திருத்திய தாளோடு போனேன். ‘கணவரின் நிலை: தகவல் இல்லை. குடும்ப அங்கத்தவர்: 3.’ நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். கட்டத்தை எடுத்ததைச் சொன்னேன், கழுத்தைப் பார்த்ததைச் சொன்னேன், மூன்றை இரண்டாக்கியதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். செல்வமலர் இரண்டு தாள்களையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“முதல் எழுதினதுதான் மிஸ் உண்மை,” என்றார். “இது பயத்திலை மாத்தினது. எங்களுக்குத் தெரியாதே?”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் கொடுமை. இந்த மண்ணில் மாற்றி எழுதப்பட்ட கடதாசி எல்லாம் பயத்தில் மாற்றியதுதான். வாக்குமூலத்தை மாற்றியவர்களை அவருக்குத் தெரியும், கண்டேன் என்று சொல்லிவிட்டுக் காணவில்லை என்று கையெழுத்து வைத்தவர்களைத் தெரியும். நான் பிழையைத் திருத்தத் திருத்த அவருக்கு அது உண்மையாகிக்கொண்டே போனது.

அந்த வருடம் அவருடைய தமையன் மகளுக்குக் கலியாணம். பலகாரச்சூட்டுக்கு எண்ணெய்ச் சட்டியில் முதல் பலகாரம் போடுவதற்கு எப்போதும் செல்வமலரைத்தான் கூப்பிடுவார்களாம். கணவர் வரவில்லையே தவிர, அவர் சுமங்கலி. அதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்தமுறை அண்ணி கூப்பிடவில்லை. கோபமாக ஒன்றுமில்லை, “கம்பஸ் ஆக்களே எழுதிப்போட்டினம், பிறகு குறையாய்ப் போயிடும்,” என்றாராம். இதைத் தாரணிதான் எனக்குப் போனில் சொன்னாள். அழவில்லை. “அம்மா அண்டையிலையிருந்து பொட்டு வைக்கிறேல்லை மிஸ்,” என்றும் சொன்னாள்.

காணாமல் போனவர்களின் படங்களோடு தாய்மார் உட்கார்ந்திருக்கும் போராட்டப் பந்தலுக்கு அவர் கிழமைக்கு ஒருமுறை போய்வருபவர். அங்கேயும் ஒருநாள், “உமக்கு முடிவு தெரிஞ்சிட்டுது, குடுத்து வைச்சனீர். இனி ஏன் வந்து வெயிலுக்குள்ளை இருக்கிறீர்?” என்று ஒரு பெண் ஆதரவாகத்தான் கேட்டிருக்கிறார். அதோடு அங்கே போவதும் நின்றது. கலியாண வீட்டிலும் இடமில்லை, அந்தப் பந்தலிலும் இடமில்லை. அவருக்கு மிஞ்சியது என்னுடைய தொலைபேசி இலக்கம் மட்டும்.

நான் சும்மா இருக்கவில்லை என்று நீங்கள் நினைப்பதற்காக எழுதுகிறேன்: நிதி தந்தவர்களுக்குக் கடிதம் போட்டேன். அறிக்கை அச்சாகிவிட்டது, ஒரு குடும்பத்தால் முடிவுகள் மாறப்போவதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. புள்ளிவிபரப்படி அவர்கள் சொன்னது சரி. செல்வமலரைப்போல இன்னும் எத்தனை வீடுகளில் அப்படிச் சரி போட்டேன் என்று பார்க்க, பழைய படிவங்களை எடுத்து வைத்தேன். சொன்ன சொல்லை எழுதுகிற கோடு இல்லாததால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்போது படுக்கையில். “அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல்லி நான் சொல்லேல்லைத்தானே?” என்று கேட்டார். இல்லை ஐயா, நான்தான் எடுத்தேன் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. செல்வமலர் மாதத்தில் ஒருமுறையாவது அழைப்பார். சுகம் விசாரிப்பார், தாரணிக்குப் பிள்ளை பிறந்ததைச் சொல்வார், வயல் நிலவரம் சொல்வார். கடைசியில் குரலைத் தணித்து, “இப்ப நீங்கள் பென்சனிலைதானே மிஸ், இனி என்ன பயம்? ஆர் சொன்னது எண்டு வேண்டாம், இடத்தை மட்டும் சொல்லுங்கோ,” என்பார். எனக்குத் தெரியாது பிள்ளை என்பேன். “சரி மிஸ், பிறகு எடுக்கிறன்,” என்று வைத்துவிடுவார். அவருக்கு என்மேல் கோபம் என்றுமே வந்ததில்லை. அதைத் தாங்க முடியாமல் இரண்டு முறை இலக்கத்தை மாற்ற நினைத்தேன், மாற்றவில்லை.

உங்களுக்கு ஒரு முறையைத் தெரிவு செய்து தரச்சொன்னால் என்னால் முடியாது. நாள்முழுக்க உட்கார்ந்து கேட்டால் நீங்கள் உடைந்துபோவீர்கள், இருபது நிமிடத்தில் கேட்டால் அவர்களை உடைப்பீர்கள். எந்த முறையை எடுத்தாலும், அதை உங்களுக்காக எடுக்கிறீர்களா அவர்களுக்காக எடுக்கிறீர்களா என்பதையாவது உங்களிடம் மறைக்காதீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது தெரிந்தும் இந்தத் திங்கட்கிழமை நான் செய்ததைக் கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை செல்வமலர் அழைத்தார். இந்தமுறை இடத்தைக் கேட்கவில்லை. சுகமும் விசாரிக்கவில்லை.

“மிஸ், ஒண்டே ஒண்டு. அவர் கடைசியிலை தண்ணி கேட்டவராமோ?”

நான் வழக்கம்போலத் தெரியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என் வாழ்நாளில் நான் தரவை வெட்டியிருக்கிறேன், திருத்தியிருக்கிறேன், இல்லாததை உண்டாக்கியதில்லை. அன்று உண்டாக்கினேன்.

“கேக்கேல்லைப் பிள்ளை,” என்றேன். “கன நேரம் கஷ்டப்படேல்லை.”

வாய்க்கால் பக்கமாக நின்றிருப்பார் போல, தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. அழட்டும், அழுது ஆறட்டும் என்று காத்திருந்தேன். அவர் அழவில்லை.

“அப்ப பக்கத்திலை ஆரோ இருந்திருக்கினம்,” என்றார் செல்வமலர். “ஆர் மிஸ்? போனிலை சொல்லப் பயமெண்டால் வேண்டாம். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸிலை நான் வவுனியாவுக்கு வாறன்.”

இன்று புதன்கிழமை.